நாலு மணி நேர ரவுண்டு ஏன் ஐந்து மணி நேரத்தைத் தொடுகிறது?

கேள்வி: ஓராண்டாக கோல்ஃப் ஆடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில், இறங்கினால் 18 குழி முடிக்க மதியம் ஒன்றரை ஆகிவிடுகிறது. பல டீக்களில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. முன்னால் போகிறவர்கள் மேல் எங்களுக்குக் கோபம், பின்னால் வருகிறவர்களுக்கோ புதிதாக வந்த என் மேல் கோபம். உண்மையில் யார் மேல் தப்பு? நான் என்ன செய்தால் இது சரியாகும்?

பதில்: உங்கள் மேல் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு. முன்னால் போகிற நான்கு பேர் மேலும் அநேகமாக இல்லை. ஞாயிறு எட்டரை மணி என்று சொன்னதுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. இருபது வருடமாக ஆடுகிறேன். அதில் ஆறு வருடம் ஒரு கிளப்பின் போட்டிக் குழுவில் இருந்தேன். ஞாயிறுதோறும் ஆட்டத்தின் வேகத்தைக் கண்காணிக்கும் மார்ஷலாக மைதானத்தைச் சுற்றி வருவதும் என் வேலை. முதல் இரண்டு வருடம் நானும் எல்லோரையும் போல 'யார் மெதுவாக ஆடுகிறார்' என்று ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு குழுவை விரட்டுவேன், அவர்கள் ஓட்டமும் நடையுமாகப் போய் அடுத்த டீயில் நிற்பார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு குழு நின்றுகொண்டிருக்கும். பாவம், அவர்களை அவமானப்படுத்தியதுதான் மிச்சம்.

விஷயம் புரிய ஒரு பார் 3 குழியை, அதாவது நல்ல ஆட்டக்காரர் மூன்று அடியில் முடிக்க வேண்டிய குட்டிக் குழியை, எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் டீயிலிருந்து அடிக்க 3 நிமிடம். கொடி நிற்கிற கிரீன் என்ற புல்தரைக்கு நடக்க 2 நிமிடம். கிரீன் பக்கத்திலிருந்து சிறிதாகத் தூக்கி அடித்து (சிப்), பங்கர் என்ற மணல் பள்ளத்தில் பந்து விழுந்தவர் வெளியே எடுத்து, எல்லோரும் பந்தைக் குழிக்குள் உருட்டி (பட்), கிரீனை விட்டு விலக ஐந்தரை நிமிடம். மொத்தம் பத்தரை நிமிடம். இது யாரும் சோம்பேறித்தனமாக ஆடியதால் வந்த கணக்கு இல்லை, சாதாரண கிளப் ஆட்டக்காரர்கள் ஒழுங்காக ஆடினாலே இவ்வளவு ஆகும். அந்தப் பத்தரை நிமிடமும் அடுத்த குழு டீயில் நின்றே ஆக வேண்டும், ஏனென்றால் டீயிலிருந்து அடித்தால் பந்து நேராகக் கிரீனில் இருப்பவர்கள் மேல்தான் போகும்.

பார் 4 குழியில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. முன்குழு இரண்டாவது அடியை அடித்துவிட்டு நகர்ந்தாலே நீங்கள் டீயிலிருந்து அடிக்கலாம். ஒரு குழு கிரீனிலும் ஒரு குழு அதற்கு முன்னுள்ள ஃபேர்வே புல்வெளியிலும் என்று ஒரே சமயத்தில் இரண்டு குழு இருக்க முடியும். பார் 5-ல் மூன்று குழுகூட இருக்கலாம். பார் 3-ல் ஒன்றுதான். கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய கூடத்தில் ஒரு வரிசை பாயசத்துக்கு வரும்போதே இன்னொரு வரிசைக்கு இலை போட்டுவிடலாம். ஒரே ஒரு வரிசைக்குத்தான் இடம் என்றால், உட்கார்ந்தவர்கள் எழுந்து, இலை எடுத்து, துடைத்த பிறகுதான் அடுத்தவர் உட்கார முடியும். வாசலில் எத்தனை பேரை எவ்வளவு வேகமாக உள்ளே அனுப்பினாலும் பந்தி அதன் கணக்கில்தான் நகரும்.

இப்போது குழுக்களை வரிசையாக அனுப்புகிற ஸ்டார்டர் செய்வதைப் பாருங்கள். காலை 6 மணி முதல் 8 நிமிடத்துக்கு ஒரு குழுவை அனுப்புகிறார். மைதானத்தின் மிக நெருக்கடியான பார் 3-ஐக் கடக்க ஒரு குழுவுக்குப் பத்தரை நிமிடம். ஒவ்வொரு குழுவும் தனக்கு முன்னால் போனவர்களைவிட இரண்டரை நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கும். இரண்டாவது குழுவுக்கு இரண்டரை நிமிடம், மூன்றாவதுக்கு ஐந்து. இருபதாவது குழு வரும்போது அது நாற்பத்தேழு நிமிடத்தைத் தாண்டிவிடும். எட்டரைக்கு இறங்குகிற உங்கள் குழு கிட்டத்தட்ட அந்த இருபதாவது குழுதான். காலை ஆறு மணிக்கு இறங்கியவர் 'நாங்க நாலு மணி நேரத்துல முடிச்சோமே, உங்களுக்கு என்ன?' என்று கேட்பார். அவரும் பொய் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் யாருமே இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது. தடங்கலே இல்லாமல் ஆடினால் ஒரு ரவுண்டுக்கு 4 மணி 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 8 நிமிட இடைவெளியில் இருபதாவது குழு 8:32-க்கு இறங்கி, காத்திருப்பையும் சேர்த்து 4 மணி 57 நிமிடம் ஆடி, 1:29-க்கு முடிக்கும். இடைவெளியைப் பத்தரை நிமிடமாக்கினால் அதே குழு 9:19-க்கு இறங்கி, எங்கும் நிற்காமல் 4 மணி 10 நிமிடம் ஆடி, அதே 1:29-க்கு முடிக்கும். இரண்டிலும் வீட்டுக்குப் போகிற நேரம் ஒன்றுதான். முதல் கணக்கில் அந்த நாற்பத்தேழு நிமிடத்தையும் வெயிலில் டீ பக்கத்தில் நின்று கழிக்கிறீர்கள், இரண்டாவதில் வீட்டில் தூங்கியோ கிளப்பில் இட்லி சாப்பிட்டோ கழிக்கிறீர்கள். குழுக்களை நெருக்கி அனுப்புவதால் ஒரு குழுகூடக் கூடுதலாக ஆடி முடிப்பதில்லை. நெருக்குவதால் கிடைப்பது, 'எல்லோருக்கும் நல்ல நேரம் கொடுத்துவிட்டோம்' என்று அறிவிப்புப் பலகையில் எழுதிக்கொள்கிற திருப்தி மட்டும்தான்.

இதைக் குழுவில் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. ஞாயிறு காலையில் கொடுக்கும் இடங்களைக் குறைத்தால் உறுப்பினர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதுதான் எல்லோருடைய பயமும். கடைசியில் மாதாந்திரப் போட்டிக்கு மட்டும் 8 நிமிடத்தைப் பத்தாக்கினோம், நடுவில் இரண்டு இடத்தில் யாரையும் போடாமல் காலியாக விட்டோம். அந்தக் காலி இடத்துக்கு ஸ்டார்டர் இடைவெளி என்று பெயர். சேர்ந்துபோன நெரிசல் கரைவதற்கு அது வழி விடும். முதல் மாதமே ஒன்பதரை மணிக்காரர்கள் முகத்தில் வித்தியாசம் தெரிந்தது. ஆட்டக்காரர்கள் எல்லாம் அதே ஆட்கள்தான், பட் செய்யும் வேகமும் பழைய வேகம்தான்.

ஆகவே உங்கள் கிளப்பில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'இடைவெளி எத்தனை நிமிடம்?' என்பது. எந்தக் குழியில் மூன்று குழு சேர்ந்து நிற்கிறது என்று ஒரு ஞாயிறு கவனித்து எழுதுங்கள். பெரும்பாலும் அது முதல் நான்கைந்து குழிக்குள் வரும் பார் 3 ஆக இருக்கும், அல்லது இரண்டாவது அடியிலேயே கிரீனை எட்டிவிடக்கூடிய குட்டிப் பார் 5 ஆக இருக்கும். சில மைதானங்களில் அமைப்பே இப்படி. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் 7-வது குழியும் 11-வது குழியும் குறுக்கே வெட்டிக்கொள்ளும். போதாததற்கு இரண்டுக்கும் ஒரே கிரீன். 11-வதோ பார் 3. ஒரு குழியில் போகிறவர்கள் நின்றால்தான் இன்னொரு குழியில் போகிறவர்கள் அடிக்க முடியும். அங்கே எவ்வளவு நல்ல மனிதர்கள் ஆடினாலும் கொஞ்சம் நிற்கத்தான் வேண்டும். கொழும்பில் ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பின் மைதானத்துக்கு ஊடாகக் களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதையே போகிறது. அங்கே ரயிலுக்கு வழிவிடுவதும் ஆட்டத்தில் சேர்த்தி.

இடைவெளியை மாற்றுவது உங்கள் கையில் இல்லை என்றால், நெரிசலான பார் 3-ல் நீங்களே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. உங்கள் குழு கிரீனுக்குப் போனதும் பந்து கிடந்த இடத்தில் அடையாளம் வைத்துவிட்டு (மார்க்) பந்துகளை எடுத்துக்கொண்டு, பாதுகாப்பாக ஓரமாக ஒதுங்கி, டீயில் நிற்கிறவர்களுக்குக் கை அசைத்து அடிக்கச் சொல்லுங்கள். அவர்கள் அடித்துவிட்டு நடந்து வருகிற நேரத்தில் நீங்கள் பட் செய்துவிடலாம். நடக்கிற 2 நிமிடம் பட் செய்கிற நேரத்துக்குள் அடங்கிவிடுவதால், பத்தரை நிமிடக் கணக்கு எட்டரையாக இறங்கும். ஆனால் இதை ஒரு குழு மட்டும் செய்து பிரயோஜனமில்லை. வரிசையாக எல்லாக் குழுவும் செய்தால்தான் பலன். அதனால்தான் மார்ஷல் அந்தக் குழியில் நின்று சொல்ல வேண்டும் என்கிறேன். மார்ஷலை ஜீப்பில் சுற்றவிட்டு எல்லோரையும் முறைக்கச் சொல்வதைவிட, ஒரு நாற்காலி போட்டு அந்தக் கிரீன் பக்கத்தில் உட்காரவைத்தால் நூறு மடங்கு உபயோகம்.

சரி, அப்படியானால் ஆட்டக்காரர் எப்படி ஆடினாலும் ஒன்றா? அப்படிச் சொல்ல மாட்டேன். நான்கு பேர் ஆளுக்குத் தொண்ணூறு அடி அடித்தால் மொத்தம் 360 அடி. ஒவ்வோர் அடிக்கும் பத்து விநாடி வீணானால் 3,600 விநாடி, அதாவது முழுசாக ஒரு மணி நேரம். மைதானம் காலியாக இருக்கும் வார நாளில் உங்கள் ரவுண்டின் நீளத்தைத் தீர்மானிப்பது இந்தப் பத்து விநாடிதான். நெரிசல் நாளில் அது வேறு விதமாக வேலை செய்யும். உங்களுக்கு முன்னால் ஒரு குழி முழுக்கக் காலியாகக் கிடந்தால், பின்னால் வருகிற எல்லோருடைய தாமதமும் உங்களால்தான். முன்குழுவின் முதுகைப் பார்த்துக்கொண்டே போகிறீர்கள் என்றால், பின்னால் இருப்பவர் எவ்வளவு முறைத்தாலும் உங்களால் ஆவது ஒன்றுமில்லை. நீங்கள் இருக்க வேண்டிய இடம் முன்குழுவுக்குப் பின்னால். பின்குழுவுக்கு முன்னால் இருந்தால் போதும் என்று நினைப்பதில்தான் பலருக்குக் குழப்பமே.

அந்தப் பத்து விநாடி எங்கே போகிறது என்று பார்த்தால் அடிக்கும் முன் வெறுமனே வீசிப் பார்க்கிற ஒத்திகையிலோ, ஸ்விங்கிலோ அவ்வளவாகப் போவதில்லை. தன் முறை வரும்வரை ஒன்றும் செய்யாமல் நிற்பதில்தான் போகிறது. அடுத்தவர் அடிக்கும்போது உங்கள் தூரத்தைக் கணக்கிட்டு, காற்றைப் பார்த்து, கிளப்பை, அதாவது மட்டையை, கையில் எடுத்து வைத்திருங்கள். அடுத்தவர் பட் செய்யும்போது உங்கள் பந்து உருளப்போகும் கோட்டைப் படித்துவிடுங்கள், அவருடைய கோட்டை மட்டும் மிதிக்காமல் இருந்தால் போதும். பையை எப்போதும் அடுத்த டீ பக்கமாகக் கிரீனுக்கு வெளியே வையுங்கள். முன்பக்கமே வைத்துவிட்டுத் திரும்பி நடக்கிறவரைப் பார்த்துக்கொண்டு பின்குழு நிற்கும். ஸ்கோரை அடுத்த டீயில் போய் எழுதிக்கொள்ளலாம். கிரீனிலேயே நின்று 'எனக்கு ஆறா ஏழா' என்று விரல் விட்டு எண்ண வேண்டாம். கார்ட் வண்டியில் இரண்டு பேர் போனால், இருவரும் சேர்ந்து ஒருவர் பந்துக்குப் போய், அவர் அடிக்கும்வரை இருந்து, பிறகு அடுத்தவர் பந்துக்குப் போவது பெரிய வீண். ஒருவரை அவர் பந்துகிட்ட மூன்று கிளப்போடு இறக்கிவிட்டு நீங்கள் உங்கள் பந்துக்குப் போங்கள்.

விதிகளும் இப்போது இதற்குத் துணையாக இருக்கின்றன. விதிகளை வகுக்கும் அமைப்புகளான ஆர் அண்ட் ஏ-வும் யுஎஸ்ஜிஏ-வும் 2019 ஜனவரி 1 முதல் கோல்ஃப் விதிகளைத் திருத்தி எழுதினார்கள். பந்தைத் தேடும் நேரம் 5 நிமிடத்திலிருந்து 3 நிமிடமாகக் குறைந்தது. கொடியை எடுக்காமலே பட் செய்யலாம், பந்து கொடியில் பட்டாலும் தண்டனை இல்லை. மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் குழியிலிருந்து தூரமாக இருப்பவர்தான் முதலில் அடிக்க வேண்டும் என்று காத்திருக்காமல், தயாராக இருப்பவர் பாதுகாப்பாக முதலில் அடிக்கலாம் என்று விதிப்புத்தகமே ஊக்கப்படுத்துகிறது. தடங்கல் இல்லாமல் அடிக்கக்கூடிய நிலை வந்த பிறகு 40 விநாடிக்குள் அடிக்க வேண்டும் என்ற பரிந்துரையும் அதில் உண்டு. காரணமில்லாமல் தாமதித்தால் முதல் முறை ஒரு அடி தண்டனை, இரண்டாவது முறை பொதுத் தண்டனை, அதாவது ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு அடி, மூன்றாவது முறை தகுதிநீக்கம்.

விதிகள் தரும் வசதிகளில் நம் கிளப்களில் மிகக் குறைவாகப் பயன்படுவது புரொவிஷனல் பந்து, அதாவது முதல் பந்து கிடைக்காவிட்டால் ஆட முன்கூட்டியே அடித்து வைக்கும் மாற்றுப் பந்து. காட்டுக்குள் போனதுபோல் தெரிந்தால் அங்கேயே 'புரொவிஷனல்' என்று சொல்லிவிட்டு இன்னொன்றை அடித்துவிட்டுப் போங்கள். அதைச் செய்யாமல் முந்நூறு கஜம் நடந்து, தேடி, கிடைக்காமல், மறுபடி டீக்குத் திரும்பி நடப்பவரைப் போல ஒரு மைதானத்தை முடக்குகிறவர் வேறு யாருமில்லை. அந்த நடையைத் தவிர்ப்பதற்கென்றே 2019-ல் ஓர் உள்ளூர் விதி மாதிரியையும் கொடுத்திருக்கிறார்கள். கமிட்டி அதை அமல்படுத்தினால், தொலைந்த பந்துக்கும் எல்லைக்கு வெளியே போன பந்துக்கும் இரண்டு அடி தண்டனை ஏற்றுக்கொண்டு, பந்து போன இடத்துக்கு நேராக ஃபேர்வே ஓரத்திலேயே பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு (டிராப்) ஆடலாம். டீக்குத் திரும்ப வேண்டியதில்லை. உங்கள் கமிட்டி இதை அறிவித்திருக்கிறதா என்று கேளுங்கள். அறிவிக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

வடக்கே பழைய கிளப்களில் 'ஆகேவாலா' என்று ஒருவர் இருப்பார். முன்னாலேயே நடந்து போய், பந்து விழுகிற இடத்தில் நின்று கண்காணிப்பவர். வெளிநாட்டில் பல இடங்களில் இந்த வசதி கிடையாது. நமக்கு இருந்தும் அதன் அருமை தெரியாமல் செலவு என்று குறைத்துவிடுகிறோம். தேடுகிற 3 நிமிடத்தை அவர் முப்பது விநாடியாக்கிவிடுவார். ஆகேவாலா இல்லாவிட்டாலும், ஒருவர் அடிக்கும்போது மற்ற மூவரும் பந்தைக் கண்ணால் தொடர்ந்து ஒரு மரத்தையோ புதரையோ அடையாளம் வைத்துக்கொள்வது கட்டாயக் கடமை என்றே சொல்வேன்.

அப்புறம், எல்லா ரவுண்டையும் ஸ்ட்ரோக் பிளேயாக ஆட வேண்டும் என்று யார் சொன்னது? இங்கிலாந்தில் வாலஸி கிளப்பில் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்கிற மருத்துவர் உருவாக்கிய, குழிக்குக் குழி புள்ளி தரும் முறையில் 1932 மே 16-ல் முதல் போட்டி நடந்தது. காற்றடிக்கிற கடற்கரை மைதானத்தில் ஒரு குழியில் சொதப்பியதால் நாளே பாழாகிறதே என்று சாதாரண ஆட்டக்காரர்கள் மனம் உடைந்து போவதைப் பார்த்துத்தான் அவர் இதைக் கொண்டுவந்தார். அதில் ஒரு குழியில் புள்ளி கிடைக்காது என்று தெரிந்துவிட்டால் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போய்விடலாம். மனம் உடைவதைத் தடுக்க வந்த முறை, நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது. எட்டாவது அடியில் பங்கருக்குள் நின்றுகொண்டிருப்பவருக்கும் நிம்மதி, பின்னால் நிற்பவருக்கும் நிம்மதி. ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டில் ஃபோர்சம்ஸ் என்று இரண்டு பேருக்கு ஒரே பந்து, மாற்றி மாற்றி அடிக்கும் ஆட்டத்தை இன்றும் விரும்பி ஆடுகிறார்கள். காலையில் ஒரு ரவுண்டு, மதியச் சாப்பாடு, அதன்பின் இன்னொரு ரவுண்டு என்று ஒரே நாளில் 36 குழி ஆடுவது அங்கே வழக்கம். நான்கு பேர் போனாலும் மைதானத்தில் இரண்டே பந்துதானே.

இதையெல்லாம் விட்டுவிட்டு நாம் தொலைக்காட்சியைப் பார்த்து ஆடுகிறோம் என்பது என் உண்மையான வருத்தம். 2018 ஃபார்மர்ஸ் இன்ஷூரன்ஸ் ஓப்பன் என்ற அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியில், டோரி பைன்ஸ் மைதானத்தின் கடைசிக் குழியில், ஜே.பி. ஹோம்ஸ் தன் இரண்டாவது அடிக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். முன்னணியில் இருந்த அலெக்ஸ் நோரன் பக்கத்தில் காத்து நின்றார். அவ்வளவு யோசித்துவிட்டு ஹோம்ஸ் அடித்தது கிரீனைக்கூடக் குறிவைக்காத ஒரு பாதுகாப்பு அடி. அதைப் பார்த்துவிட்டு மறுநாள் எங்கள் கிளப்பில் எட்டடி பட்டுக்கு நாலு பக்கமும் சுற்றி வந்து உட்கார்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா?

தொழில்முறை ஆட்டத்திலும் தண்டனை என்னவோ ஏட்டில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் ஆண்கள் தொழில்முறை அமைப்பான பிஜிஏ டூர் தானே நடத்தும் போட்டிகளில் 1995-ல் க்ளென் டேவுக்குத் தாமதத்துக்காக ஓர் அடி தண்டனை கொடுத்தது. அதற்கு அடுத்த தண்டனை 2017-ல்தான், அதுவும் ஜோடியாக ஆடும் போட்டியில். இடையில் பிஜிஏ டூர் நடத்தாத 2013 மாஸ்டர்ஸ் போட்டியில் தண்டனை வாங்கியவர் யார் தெரியுமா? சீனாவின் குவான் தியான்லாங், வயது 14. இரண்டாவது சுற்றின் 17-வது குழியில் அவருக்கு ஓர் அடி சேர்த்தார்கள். அந்தச் சிறுவன் முகம் கோணாமல் ஏற்றுக்கொண்டான், அப்படியும் கடைசி இரண்டு நாள் ஆடத் தகுதி பெற்றான். விதிப்படி அது சரியான தண்டனையாகவே இருக்கலாம். ஆனால் பெரிய பெயர்கள் பல வருடம் தப்பித்துக்கொண்டிருக்க, ஒரு பள்ளிக்கூடப் பையனிடம் விதி விழித்துக்கொண்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது. மார்ஷலாக இருந்தபோது இதை நினைவில் வைத்துக்கொண்டேன். புதியவர்களை மிரட்டுவது சுலபம், கிளப்பின் பெரிய மனிதரிடம் போய் 'சார், முன்னாடி ஒரு குழி காலியா இருக்கு' என்று சொல்வதுதான் கஷ்டம். அதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

செய்ய முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2018 ஜூனில் ஐரோப்பிய டூர் ஆஸ்திரியாவில் ஷாட் க்ளாக் மாஸ்டர்ஸ் என்று ஒரு போட்டி நடத்தியது. குழுவில் முதலில் அடிப்பவருக்கு 50 விநாடி, மற்றவர்களுக்கு 40. ஒவ்வொரு குழுவோடும் கடிகாரம் வைத்த கார்ட் ஒன்று போனது. ஒரு ரவுண்டுக்கு இரண்டு முறை கூடுதல் நேரம் கேட்கலாம். அதற்கும் மேல் தாண்டினால் சிவப்பு அட்டை, ஓர் அடி. பின்லாந்தின் மிக்கோ கோர்ஹோனன் ஜெயித்தார், ஆட்டத்தின் தரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பெண்கள் தொழில்முறை அமைப்பான எல்பிஜிஏ 2025-ல் கொள்கையைக் கடுமையாக்கியது. நேரம் தாண்டியது 5 விநாடி வரை என்றால் அபராதப் பணம், 6 முதல் 15 விநாடி என்றால் ஓர் அடி, 16 விநாடியும் அதற்கு மேலும் என்றால் இரண்டு அடி.

ஆனால் பிஜிஏ டூர் 2024 நவம்பரில் எடுத்த ஒரு முடிவு எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. 156 பேர் ஆடும் போட்டிகளை 2026 முதல் 144-க்கும் அதற்குக் கீழும் குறைத்தார்கள். ஏன் என்று கணக்குப் போடுங்கள். 156 பேர் மும்மூன்று பேராகக் காலை, மதியம் என்று இரண்டு அலையாக, 1-வது டீயிலிருந்தும் 10-வது டீயிலிருந்தும் கிளம்பினால், ஒரு டீக்கு 13 குழு. 11 நிமிட இடைவெளி என்றால் முதல் குழு கிளம்பி 132 நிமிடம் கழித்துத்தான் 13-வது குழு கிளம்பும். முதல் குழு ஒன்பது குழியை இரண்டு மணி பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த டீக்கு வந்தால், அங்கே இன்னும் ஆட்கள் கிளம்பாமல் நிற்பார்கள். வேகமாக ஆடியதற்குப் பரிசு, காத்திருப்பு. 144 பேர் என்றால் ஒரு குழு குறையும், கடைசிக் குழு 121-வது நிமிடத்தில் கிளம்பிவிடும், 11 நிமிடம் மூச்சுவிட இடம் கிடைக்கும். உலகத்தின் மிகத் திறமையான ஆட்டக்காரர்களுக்கே இடைவெளிக் கணக்குதான் பிரச்சினை என்றால், நம் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் புதியவர் என்பதால் மெதுவானவர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். 110 அடி அடித்தும் நாலு மணி நேரத்தில் முடிக்கிற ஆட்களோடு ஆடியிருக்கிறேன். ஒற்றை இலக்க ஹேண்டிகேப் வைத்திருக்கிற திறமைசாலிகளாக இருந்தும் ஒவ்வொரு பட்டுக்கும் ஒரு நிமிடம் எடுக்கிறவர்களோடும் ஆடியிருக்கிறேன். டிரைவர் மட்டையால் அடித்தும் உங்கள் பந்து 180 கஜம்தான் போகும் என்றால், கிரீனுக்கு நெருக்கமாக உள்ள முன் டீயிலிருந்து ஆடுங்கள். அமெரிக்காவில் 2011-ல் யுஎஸ்ஜிஏ-வும் பிஜிஏ ஆஃப் அமெரிக்காவும் சேர்ந்து இதையே ஓர் இயக்கமாகச் சொன்னார்கள். நம் ஊரில் முன் டீ என்றால் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் என்று ஒரு வறட்டுக் கௌரவம் இருக்கிறது, அதைத் தூக்கி எறியுங்கள். உங்கள் குழு பின்தங்கி, முன்னால் காலியாகவும் இருந்தால், பின்னால் வருகிறவர்களை 'வாங்க சார், நீங்க முன்னாடி போங்க' என்று அழைத்து விடுங்கள், ஒரு பார் 3 டீயில் செய்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். முன்னாலும் நெரிசல் என்றால் வழிவிடுவதில் அர்த்தமில்லை, அதைப் புன்னகையோடு சொல்லிவிடலாம். கூட ஆடுகிற பெரியவர் மெதுவாக இருந்தால் அவரை அவசரப்படுத்தாதீர்கள். 'அண்ணே, நீங்க தேடுங்க, அதுக்குள்ள நான் அடிச்சிட்டு வந்து நானும் தேடறேன்' என்று சொன்னால் போதும், வேலை ஓடிவிடும்.

இவ்வளவு அக்கறையாக நான் எழுதக் காரணம் ஆட்டக்காரர்கள் மட்டும் இல்லை. ஆட்டக்காரரின் பையைத் தூக்கி வரும் ஒரு கேடிக்கு வருமானம் ரவுண்டு கணக்கில்தான். காலை ஆறு மணிக்குப் பை தூக்கியவர் பத்தேகாலுக்கு இறக்கிவைத்தால், கஞ்சி குடித்துவிட்டு மதியம் இன்னொரு ரவுண்டுக்கு நிற்கலாம். எட்டரை மணிக்குப் பை தூக்கியவர் ஒன்றரைக்கு வந்தால், மே மாத வெயிலில் ஐந்து மணி நேரம் நின்ற உடம்போடு உடனே இன்னொரு பையைத் தூக்க முடியாது, சற்று உட்கார்ந்துவிட்டு எழுந்தால் அடுத்த ரவுண்டு முடிவதற்குள் இருட்டிவிடும். நாங்கள் இடைவெளியை மாற்றிய மாதம், பதினெட்டாவது கிரீனில் கொடியை வைத்துவிட்டு வந்த ஒரு கேடி அண்ணன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மணியைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார், நேராகக் கேடி மாஸ்டர் மேசைக்குப் போய் மதியத்துக்குப் பெயர் கொடுத்தார்.